குளித்துவிட்டு வேலைக்குப் போன நாலு மாதம்

தோல் பதனிடும் இடத்தை எங்கள் பக்கத்தில் ஷாப்பு என்போம். ஷாப்பில் வேலை செய்கிறவன் காலையில் குளிக்கமாட்டான். குளித்து என்ன பயன்? உள்ளே போன பத்தாவது நிமிஷம் சுண்ணாம்பும் பச்சைத்தோலும் கலந்த வாடை மேலே ஏறிவிடும். முகத்தைக் கழுவி, பழைய சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புவோம். சாயந்திரம் வந்ததும் வீட்டுக்குள் கால் வைக்காமல் சுற்றிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்க் குளிப்போம். ஆம்பூரிலிருந்து வாலாஜாபேட்டை வரைக்கும் ஷாப்பு ஆட்கள் இப்படித்தான். நானும் முப்பது வருஷத்துக்கு மேல் இப்படித்தான் இருந்தேன், நடுவில் ஒரு நாலு மாதம் தவிர.

அந்த நாலு மாதமும் காலையில் குளித்துவிட்டு வேலைக்குப் போனேன். இதில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். என் வாழ்க்கையில் நான் செய்த மட்டமான காரியம் அந்தக் குளியலில்தான் ஆரம்பித்தது. அடிதடி செய்து ஜெயிலுக்குப் போய்வந்தவன்கூட டீக்கடையில் உட்கார்ந்து பெருமையாகச் சொல்லிக்கொள்கிறான். அசடு வழிந்தவனுக்குத்தான் வாய் வராது. இதை எழுத உட்கார்ந்து, எழுந்து போய், மறுபடி உட்கார்ந்து இரண்டு வருஷம் ஆகிறது.

முதலில் என் மனைவியைப் பற்றிச் சொல்லவேண்டும். நான் முதன்முதலாகக் குளித்துவிட்டுப் போய் நின்றது அவள் முன்னால்தான். எனக்கு அப்போது இருபத்து நாலு வயது. பச்சைத்தோல் குடோனில் உப்புத் தட்டும் வேலை. அவள் ஒரு ஷூ கம்பெனியில் மேல்பாகம் தைக்கும் லைனில் இருந்தாள். மூன்றரைக்கு என் வேலை முடியும். ஆற்றோரத்தில் ஒரு நிலத்துக்காரர் பம்புசெட் வைத்திருந்தார். அங்கே போய் இரண்டு தடவை சோப்புப் போட்டுக் குளிப்பேன். எலுமிச்சை இலையைக் கசக்கி அக்குளில் தேய்த்துக்கொள்வேன். நகக்கண்ணில் இருக்கும் உப்பு வாடை போவதற்கு விரலை மண்ணில் குத்திக் குத்தி எடுப்பேன். சிநேகிதனின் சட்டையைப் போட்டுக்கொண்டு சைக்கிளை மிதித்து அவள் கம்பெனி கேட்டுக்கு எதிரில் இருந்த சர்பத் கடையில் போய் நிற்பேன்.

அவள் வெளியே வந்ததும் நன்னாரி சர்பத் வாங்கிக் கொடுப்பேன். நின்ற நிலையில் முதல் கிளாஸை மூச்சு விடாமல் குடிப்பாள். இரண்டாவதையும் அப்படியே குடிப்பாள். நான் கொடுக்கிறேன் என்பதற்காகத்தான் இந்த ஆசை என்று நினைத்து எனக்கு உச்சி குளிர்ந்துவிடும். அதற்குள் கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கும், ஓடிப்போய் ஏறுவாள். நான் பஸ்ஸுக்குப் பின்னாலேயே சைக்கிளில் அவள் ஊர் எல்லை வரைக்கும் போவேன். புகையும் புழுதியும் முகத்தில் அடிக்கும். அவள் பின்சீட்டுக் கண்ணாடி வழியாக ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்ப்பாள். அது போதும் என்று திரும்பி வருவேன். அந்த வயதில் காதல் என்றால் எனக்கு அது முழுக்கக் காலிலும் தொடையிலும்தான் இருந்தது.

ஒன்றரை வருஷம் இப்படி ஓடியது. அவள் வீட்டில் கொஞ்சம் முரண்டு பிடித்தார்கள், பிறகு சரி என்றார்கள். கல்யாணம் ஆனதும் அவள் வேலையை விட்டுவிட்டாள். முதல் வருஷம் ஏலகிரி மலைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வளைந்து வளைந்து பஸ் ஏறும்போது அவளுக்கு வாந்தி வந்துவிட்டது. என் கைக்குட்டையை நீட்டினேன். அதை இன்னும் பீரோவில் வைத்திருக்கிறாள் என்று மகள் ஒருநாள் சொன்னாள். எனக்கு அது மறந்தே போயிருந்தது.

ஆம்பளையின் காதல் எப்போது தீர்ந்துபோகிறது என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தீர்ந்தது எனக்கே தெரியாமல்தான். முப்பதுகளில் ஞாயிற்றுக்கிழமை பிரியாணி பொட்டலம் வாங்கிவந்து வைப்பேன், அதுதான் நான் பேசும் காதல் பாஷை. அப்புறம் அதை மகள் ஆசைப்பட்டுக் கேட்கிறாள் என்று வாங்க ஆரம்பித்தேன். நாற்பதுகளில் மனைவியிடம் நேராகப் பேசுவதே நின்றுபோனது. உங்க அம்மாவைத் தண்ணி கொண்டுவரச் சொல் என்று மகளிடம் சொல்வேன். அம்மா இரண்டடி தள்ளித்தான் நின்றிருப்பாள். மகள் கல்யாணமாகி வாலாஜாபேட்டைக்குப் போன பிறகு சொல்லி அனுப்ப ஆள் இல்லாமல் வீடே ஊமையாகிவிட்டது. இதில் நான் ஒருவன் மட்டும் விசேஷமில்லை. என்னோடு வேலை செய்த அத்தனை பேரும் ஏறக்குறைய இப்படித்தான் இருந்தார்கள்.

ஒரே ஒரு பாய் மட்டும் வேறு மாதிரி. அறுபதைத் தொட்டவர், தோலை மருந்தில் போட்டு உருட்டும் டிரம் பிரிவில் இருந்தார். தினம் மதியம் சாப்பாட்டு நேரத்தில் மனைவிக்குப் போன் போட்டு, என்ன சமைத்தாய், சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா என்று உருதுவில் ஐந்து நிமிஷம் விசாரிப்பார். நாங்கள் சுற்றி உட்கார்ந்து கிண்டல் செய்வோம். கிழவருக்குப் புதுசாக நிக்காஹ் ஆன மாதிரி பேச்சைப் பார் என்று முதலில் ஆரம்பிக்கிறவன் நான்தான். அவர் சிரித்துக்கொண்டு சாப்பாட்டு டப்பாவைத் திறப்பார்.

யாருக்காக அந்த நாலு மாதம் குளித்தேனோ அந்தப் பெண் எங்கள் பிரிவுக்கு வந்தபோது எனக்கு ஐம்பத்து நாலு வயது. தோல் அளக்கிற இடத்துக்கு நான் மேஸ்திரி. அவள் நாட்றம்பள்ளிப் பக்கத்து ஊரிலிருந்து கம்பெனி வேனில் வருபவள். முப்பத்தெட்டு வயது இருக்கும். கணவன் இறந்து மூன்று வருஷம், பள்ளிக்கூடம் போகும் ஒரு பெண்குழந்தை. முதலில் ஈரப் பிரிவில்தான் இருந்தாள். டிரம்மிலிருந்து இறக்கும் தோல் நீலநிறத்தில் இருக்கும். அதில் சொட்டும் க்ரோம் மருந்துத் தண்ணீர் எல்லோர் கைக்கும் ஒத்துக்கொள்வதில்லை. இவளுக்கு விரலிடுக்கெல்லாம் வெடித்து ரத்தம் கசிந்தது. கையுறை கொடுப்பார்கள், அது ஒரு வாரத்தில் கிழிந்து உள்ளே தண்ணீர் கோத்துக்கொள்ளும். இனி ஈரத்தில் கை வைக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். காய்ந்த பிரிவில் இடம் கிடைக்குமா அண்ணா என்று என்னிடம் வந்து கேட்டாள்.

நான் மேனேஜரிடம் பேசி அவளை அளக்கும் மெஷினுக்கு மாற்றினேன். அது நல்ல எண்ணத்தில் செய்ததுதான், சத்தியமாகச் சொல்கிறேன். ஒரு மாதத்தில் கை ஆறிவிட்டது. ஊரிலிருந்து ஒரு பை வேகவைத்த நிலக்கடலை கொண்டுவந்து, உங்க புண்ணியத்துல கையால பெசஞ்சு சாப்புடறேன் அண்ணா என்றாள். அந்த இடத்தோடு நான் நின்றிருந்தால் நல்ல மனிதனாக ரிடையர் ஆகியிருப்பேன்.

அளக்கும் மெஷினில் ஒருபக்கம் இரண்டு பெண்கள் நின்று தோலை விரித்துக் கொடுப்பார்கள். எதிர்ப்பக்கத்தில் நான் நின்று, வந்து விழும் தோலின் பின்புறத்தில் அளவைக் குறிப்பேன். ஒவ்வொரு தோல் போட்டதும் அவள் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். ஒரு நாளைக்கு எத்தனை தோல் போகும் என்று யோசித்துப் பாருங்கள். அத்தனை தடவை ஒரு பெண் என்னை நிமிர்ந்து பார்த்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. என் தலைக்கு மேலே இருந்த பெட்டியில் சிவப்பு எழுத்தில் அளவு ஓடும். அது வந்து நின்றால்தான் அடுத்த தோலைப் போடலாம். அவள் பார்த்தது அதைத்தான். அந்த மெஷினுக்குப் பக்கத்தில் பதினோரு வருஷம் நின்ற மேஸ்திரிக்கு இது தெரியாதா? தெரியும். தெரிந்தும் தெரியாமல் இருக்க ஐம்பத்து நாலு வயது ஆம்பளையால் முடிகிறது.

காலையில் குளிக்க ஆரம்பித்தேன். மீசைக்கு மை அடித்தேன். காதில் நீட்டிக்கொண்டிருந்த மயிரைக் கண்ணாடி பார்த்துக் கத்தரித்தேன். கடைத்தெருவில் மசூதிக்குப் பக்கத்தில் இருக்கும் அத்தர் கடைக்குப் போனபோது கடைக்கார பாய் ஒவ்வொரு சீசாவாகத் திறந்து புறங்கையில் தடவிக் காட்டி, மருமகப் பிள்ளைக்கா என்று கேட்டார். ஆமாம் என்றேன். வாயில் தயாராக வந்து நின்ற அந்த ஆமாமை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

அப்புறம் போன். வேலை நேரம் மாறினால் சொல்வதற்கு எல்லோர் நம்பரும் என்னிடம் இருந்தது. அதில் அவளுக்கு மட்டும் தினம் காலையில் ரோஜாப்பூ போட்ட காலை வணக்கம் அனுப்பினேன். அவள் இரண்டு கை கூப்பிய படத்தைத் திருப்பி அனுப்புவாள். தினமும் அதே கூப்பிய கை. கோயிலில் சாமிக்கும், எலெக்‌ஷனில் ஓட்டு கேட்டு வருபவருக்கும், சாவு வீட்டுத் திண்ணையில் இருப்பவருக்கும் போடுகிற கும்பிடு அது. அதை வைத்துக்கொண்டு நான் பகல் முழுக்கக் கனவு கண்டேன். அவள் மெஷினுக்குப் பக்கத்தில் ஃபேன் வைக்கச் சொன்னேன். வேன் தாமதமானால் மற்றவர்களைத் திட்டிவிட்டு அவளைத் திட்டாமல் விட்டேன். மற்ற பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு அது பொறாமை மாதிரித் தெரிந்தது.

இருபத்து நாலு வயதில் என்னிடம் கொடுக்க எதுவும் இல்லை. அதனால் உடம்பைப் போட்டு அலைந்தேன், புழுதி தின்றேன், திரும்பிப் பார்த்தால் போதும் என்று இருந்தேன். என் மனைவி அன்றைக்கு வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும், அவளுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஐம்பத்து நாலில் எனக்கு சைக்கிள் மிதிக்க முட்டியில் தெம்பில்லை. அதற்குப் பதிலாக ஃபேன் இருந்தது, நல்ல இடம் இருந்தது, கையெழுத்து இருந்தது. கஷ்டப்படாமலே காதலிக்க வழி இருந்தது. இந்தப் பெண் வேண்டாம் என்று சொன்னால் அவளுக்கு என்ன ஆகும் என்பதை நான் யோசிக்கவில்லை. அவள் தினமும் யோசித்திருப்பாள்.

நாலாவது மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, மெஷினில் கூட நிற்கும் பெண் லீவு. மெஷினை நிறுத்திவிட்டு அவளிடம் ஏலகிரி பார்த்திருக்கிறாயா என்று கேட்டேன். அடிவாரத்துப் பக்கத்திலேயே பிறந்தவள்தான், ஆனாலும் இல்லை என்றாள். ஞாயிற்றுக்கிழமை குழந்தையையும் கூட்டிக்கொண்டு போகலாம், படகு விடுகிறார்கள், நானே கார் வைத்துக் கூட்டிப்போகிறேன் என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. அவள் ஒரு தோலை எடுத்து மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"அண்ணியையும் கூட்டினு வாங்கண்ணா. எல்லாருமா போலாம்" என்றாள்.

எவ்வளவு மரியாதையாக ஒரு கதவைச் சாத்தினாள் என்று இப்போது புரிகிறது. அப்போது எனக்குக் கோபம்தான் வந்தது. "அண்ணா அண்ணான்னு கூப்டாத. மேஸ்திரின்னு கூப்டு" என்றேன்.

அவள் சரி என்று தலையாட்டினாள். அன்று மீதி நேரம் முழுக்க அவள் நிமிர்ந்து சிவப்பு எழுத்தைக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த தோலுக்கு மெஷின் ஓரத்தில் எரியும் சின்ன விளக்கை வைத்தே தோலைப் போட்டாள்.

திங்கட்கிழமை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தாள். தன்னை மறுபடியும் ஈரப் பிரிவுக்கே மாற்றச் சொல்லி இருந்தது. காரணம் என்று எழுதுகிற இடத்தில் சொந்தக் காரணம் என்று போட்டிருந்தாள். கை என்ன ஆகும் என்று நான் கேட்டிருக்க வேண்டும். ஏன் என்று கேட்கவாவது செய்திருக்க வேண்டும். எனக்கு அவமானத்தில் காது அடைத்துக்கொண்டது. போய்ப் பார், இரண்டு வாரத்தில் கை வெடித்துத் தானாக வந்து என் முன்னால் நிற்பாய் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டேன். இந்த வரியை எழுதத்தான் இரண்டு வருஷம் ஆனது.

அவள் வந்து நிற்கவில்லை. பத்து நாள் கழித்துச் சாப்பாட்டுக் கூடத்தில் பார்த்தேன். வலது கையில் துணி சுற்றியிருந்தது. இடது கையில் ஸ்பூன் பிடித்துச் சோற்றை அள்ளிக்கொண்டிருந்தாள், பழக்கமில்லாததால் பாதி கீழே சிந்தியது. நான் பார்ப்பது தெரிந்ததும் டப்பாவை மூடிவிட்டாள். நான் என் பிரிவுக்கு வந்து மெஷினைப் போட்டேன். அன்றைக்கு மூன்று தோலில் அளவைத் தப்பாகக் குறித்தேன்.

காலைக் குளியல் அத்தோடு நின்றது. அத்தர் சீசாவை ஷாப்பு சாக்கடையில் கொட்டினேன். இரண்டு வாரம் போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மனைவி கொல்லையில் உட்கார்ந்து மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்காமலே, "இன்னா, குளியல் நின்னு போச்சு" என்றாள். தண்ணீர் கஷ்டம் என்று உளறினேன். பின்னாலேயே தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

"கல்யாணத்துக்கு மின்ன நீ எங்கிட்ட வர்றப்பதான் இப்டி குளிச்சுட்டு வருவ. எனக்குத் தெரியாதா? யார் அது?"

நாலு மாதம் தினமும் காலையில் சோப்பு வாசனையை முகர்ந்துகொண்டு, சாப்பாட்டு டப்பாவைக் கட்டிக் கையில் கொடுத்திருக்கிறாள். நான் முதலில் மறுத்தேன். அப்புறம் சத்தம் போட்டேன். அப்புறம் வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். ரோஜாப்பூவைச் சொன்னேன், ஏலகிரியைச் சொன்னேன். அவள் அழுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள், மகளுக்குப் போன் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கேட்டது ஒன்றுதான். அந்தப் பெண் இப்போது எங்கே இருக்கிறாள்? ஈரத்தில் என்றேன். கை ஆகாது என்று சொன்னாயே என்றாள். அவளாகவே எழுதிக் கொடுத்தாள் என்றேன். கையெழுத்து யார் போட்டது என்று கேட்டாள். நான்தான் என்றேன்.

வெகுநேரம் மீனையே கழுவிக்கொண்டிருந்தாள். கழுவிய மீனையே திரும்பக் கழுவினாள். பிறகு முப்பது வருஷமாக என்னிடம் சொல்லாத ஒன்றைச் சொன்னாள்.

"எங்க லைன்ல ஒரு சூப்பர்வைசர் இருந்தாரு. இப்ப உன் வயசு இருக்கும். ஒரு கெட்ட வார்த்த பேசமாட்டாரு, மேல கை வெச்சதில்ல. பிஸ்கட் குடுப்பாரு, நல்லா கீறியாம்மான்னு கேப்பாரு. எல்லாம் தங்கமான மனுசன்னுதான் சொல்வாங்க. பாத்ரூம் போவணும்னா அவர் டேபிள தாண்டித்தான் போவணும். ஒன்றர வருஷம் பகல்ல தண்ணியே குடிக்காம தெச்சேன். நீ வாங்கித் தருவியே சர்பத்து, அதான் எனக்கு அன்னிக்கு மொதோ தண்ணி."

தொட்டிக் கல்லிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் நீ வந்து அவரை அடித்திருப்பாய், எனக்கு வேலை போயிருக்கும் என்றாள். அதுவும் சரிதான். நான் அடித்திருப்பேன். அடித்துவிட்டுப் பெரிய காதலன் என்று மார்தட்டியிருப்பேன். ஒன்றரை வருஷம் தாகத்தோடு வந்து நின்றவளைப் பார்த்து உச்சி குளிர்ந்துகொண்டு நின்றவனை எதில் சேர்ப்பது? என் மனைவியின் இளமையில் எனக்குப் பிடித்த ஞாபகம் அதுதான். அது அன்றைக்கே செத்துவிட்டது.

அவள் மீன் சட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். நாளைக்குப் போய் மேனேஜரிடம் நடந்ததை நடந்தபடி சொல் என்றாள். தப்பு உன்மேல் என்று சொல். அவளைப் பழைய இடத்தில் வைக்கச் சொல், நீ வேறு இடத்துக்குப் போ. நீ சொல்லவில்லை என்றால் நான் வந்து சொல்வேன். குரலை உயர்த்தவே இல்லை.

திங்கட்கிழமை மேனேஜர் அறைக்குப் போனேன். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவர். வழி முழுக்க மனப்பாடம் செய்துகொண்டு போனதை ஒப்பித்தேன். அளக்கும் மெஷினில் இருந்த பெண் ஈரத்துக்குப் போனதற்கு நான்தான் காரணம், அவளிடம் பேசக்கூடாத விதத்தில் பேசிவிட்டேன், அவள்மேல் எந்தத் தப்பும் இல்லை, அவளை மறுபடி மெஷினில் வைத்துவிட்டு என்னை வேறு எங்காவது போடுங்கள் என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். அப்புறம் நாற்காலி ஆடச் சிரித்தார்.

"இன்னா மேஸ்திரி, பேத்தி எடுக்குற வயசுல செம ஜாலியா கீறீங்க" என்று எழுந்துவந்து என் தோளில் தட்டினார்.

கேட்டதெல்லாம் கிடைத்தது. அன்றைக்கே என்னைப் பச்சைத்தோல் குடோனுக்கும், அவளை அளக்கும் மெஷினுக்கும் மாற்றிவிட்டார். வீட்டுக்கு வந்து, மேனேஜரிடம் சொல்லிவிட்டேன், மாற்றிவிட்டார் என்று மனைவியிடம் சொன்னேன். சரி என்றாள். தட்டில் கூடுதலாக ஒரு கரண்டி சோறு விழுந்தது. நான் தப்பித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

மறுநாள் டீ நேரத்தில் ஆட்கள் என்னைப் பார்க்கும் பார்வை மாறியிருந்தது. டிரம் பிரிவில் ஒருத்தன் கண்ணடித்தான். மேஸ்திரிக்கு இன்னும் சார்ஜ் இறங்கவில்லை என்றான் இன்னொருத்தன். முன்பின் பேசாதவனெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தான். மேனேஜர் யாரிடம் சொன்னார், அவர் யாரிடம் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. ஒன்று மட்டும் தெரியும். முதல் நாள் எனக்கு அது பிடித்திருந்தது. நெஞ்சுக்குள் ஓரமாக ஒரு சூடு பரவியது. மனைவிக்குப் போன் போடும் அந்த பாய் மட்டும் என்னைப் பார்க்காமல் தன் டீயை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் போய் உட்கார்ந்தார்.

அதே பேச்சு பெண்கள் பக்கம் போனபோது வேறு உருவத்தில் போயிருக்கிறது. சும்மாவா ஒருத்தன் மேனேஜர் வரைக்கும் போய் ஒரு பொம்பளைக்கு இடம் கேட்பான் என்று கேட்டிருக்கிறார்கள். சாப்பிடும்போது அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. வேனில் அவள் ஏறினால் பேச்சு நின்றதாம். மெஷினில் புதிதாக நின்ற ஆள், சின்னப் பையன் மாதிரி இருப்பவன், அவளிடம் ஏலகிரிக்கு எப்போது போகலாம் என்று கேட்டிருக்கிறான். ஏலகிரியை நான் மேனேஜரிடம் சொல்லவே இல்லை. அவளும் சொல்லியிருக்கமாட்டாள். நான்தான் இரண்டாவது நாள் டீக்கடையில், அவர்கள் கிளறிக் கிளறிக் கேட்டபோது, பாதி மறுத்துப் பாதி மறுக்காமல் சொல்லியிருக்கிறேன்.

எட்டாவது நாள் அவள் வேலையை விட்டுவிட்டாள். கேட்டில் அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு வேனுக்குக் காத்திருக்காமல் ரோட்டுக்கு நடந்தாள். குடோன் வாசலில் நின்று பார்த்தேன். கை ஆறியிருந்ததா என்று அவ்வளவு தூரத்திலிருந்து தெரியவில்லை. எங்கே போனாள் என்று இரண்டு மூன்று பேரிடம் நேராகக் கேட்க வாய் வராமல் சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தேன். ஒருத்திக்கும் தெரியவில்லை, அல்லது என்னிடம் சொல்ல அவர்களுக்கு விருப்பமில்லை.

அன்று சாயந்திரம் குளித்துவிட்டு உள்ளே போய், அவள் நின்றுவிட்டாள் என்று மனைவியிடம் சொன்னேன். அதுதான் இடம் கொடுத்தாகிவிட்டதே, ஏன் நின்றாள் என்று கேட்டாள். ஊரில் பேச்சு கிளம்பிவிட்டது என்றேன். நீ தப்பு உன்மேல் என்றுதானே சொன்னாய், அவள்மேல் ஏன் பேச்சு வந்தது என்றாள். தெரியாது என்றேன். அவள் விடவில்லை. மேனேஜர் அறைக்குள் நான் போனதிலிருந்து வெளியே வந்ததுவரை ஒவ்வொன்றாகக் கேட்டாள். எங்கே நின்றேன், என்ன வார்த்தை சொன்னேன் என்றெல்லாம் கேட்டாள். சொல்லிக்கொண்டே வந்தேன்.

"சொன்னதுக்கு அவர் இன்னா சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. சிரிச்சாரு."

அவள் சோற்றுக் கரண்டியைப் பாத்திரத்தில் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். கல்யாணமான புதிதில் பார்த்ததற்கு அப்புறம் அவள் என்னை இவ்வளவு நேரம் பார்த்தது அன்றுதான்.

"நீ?" என்றாள்.

பொய் சொல்ல எனக்கு நேரம் இருந்தது. அவர் தோளில் தட்டியபோது என் வாய் எப்படி விரிந்தது, பல் எப்படித் தெரிந்தது என்பது எல்லாம் எனக்கு ஞாபகம் இருந்தது.

"நானும் சிரிச்சேன்" என்றேன்.